கடிதம் எழுதியதற்கு வேலை நீக்கம்! பள்ளி ஆசிரியர் நடத்திய வழக்கு

"சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் வாயைத் திறக்கக் கூடாது" என்று நம்மவர்கள் சொல்வது வழக்கம். ஆபீஸ் முடிந்து வீடு திரும்பிய பிறகும் வாய்ப்பூட்டு தொங்கத்தான் வேண்டுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடி, அமெரிக்காவில் ஒரு பள்ளி ஆசிரியர் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றார்.

அவர் பெயர் மார்வின் பிக்கரிங். இல்லினாய் மாநிலத்தில் வில் மாவட்டத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்த்தவர்.

கடிதத்தில் என்ன?

அந்தப் பள்ளியை நடத்தியது ஒரு கல்வி போர்டு. 1961-ம் ஆண்டில், புதிய பள்ளிக் கட்டிடங்களுக்காக 55 லட்சம் டாலர் கடன் வாங்க ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு அனுமதி தந்தார்கள். 1964-ல் பள்ளி வரியை உயர்த்த வேண்டும் என்று போர்டு இரண்டு தடவை ஓட்டெடுப்பு நடத்தியது. இரண்டு தடவையும் மக்கள் மறுத்து விட்டனர்.

அந்த ஆண்டு செப்டம்பரில் பிக்கரிங் உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். படிப்புக்குச் செலவிட வேண்டிய பணம் விளையாட்டுக்குப் போகிறது என்றார். வரி உயர்வை எதிர்க்காதபடி ஆசிரியர்கள் மிரட்டப்படுவதாகவும் குற்றம் சாட்டினார். ஆசிரியர் என்று அவர் கையெழுத்துப் போடவில்லை. குடிமகன், வரி செலுத்துபவர், வாக்காளர் என்றே போட்டார். ஆசிரியர்களுக்கு அந்தச் சுதந்திரம் பறிக்கப்பட்டு விட்டது என்று காரணமும் எழுதினார்.

போர்டு அவரை டிஸ்மிஸ் செய்தது. கடிதத்தில் பொய் இருக்கிறது, பள்ளி நிர்வாகம் குலைந்து விடும் என்றது. மாநிலக் கோர்ட்டுகளும் போர்டு பக்கமே தீர்ப்புச் சொல்லின.

சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு

1968 ஜூன் 3-ந் தேதி நிலைமை மாறியது. தீர்ப்பை எழுதியவர் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷல்.

கடிதத்தில் சில விவரங்கள் தவறு என்பதைக் கோர்ட்டு ஏற்றுக்கொண்டது. ஆனால் தெரிந்தே பொய் எழுதினார் என்பதற்குச் சாட்சியம் இல்லை. அவர் பாடம் நடத்துவதும் கெடவில்லை. அவர் குறை கூறிய போர்டு உறுப்பினர்கள் தினமும் அவரோடு சேர்ந்து வேலை செய்கிறவர்களும் அல்ல. பள்ளிப் பணம் எப்படிச் செலவாக வேண்டும் என்பதை ஆசிரியர்கள் நன்கு அறிவார்கள். அவர்கள் அஞ்சாமல் பேசுவது அவசியம் என்று கூறி, டிஸ்மிஸ் செல்லாது என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது.

இதற்கும் எல்லை உண்டு. ஊழியரின் உரிமை ஒரு தட்டு, வேலை ஒழுங்காக நடப்பது மறு தட்டு. ஆபீசுக்குள் நடக்கும் சொந்தப் பூசல் பொது விஷயம் ஆகாது என்று 1983-ல் அதே கோர்ட்டு கூறியது. உத்தியோகக் கடமையாக எழுதும் குறிப்புக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்று 2006-ல் தீர்ப்பளித்தது.

நம் நாட்டில் எப்படி?

சர்க்கார் வேலையில் சேர்ந்ததால் அடிப்படை உரிமை போய்விடாது என்று 1962-ல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில் நம் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. எந்த ஆர்ப்பாட்டமும் கூடாது என்ற பீகார் சர்க்கார் விதி செல்லாது என்றது. அதே சமயம், வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்றும் சொன்னது. 2020-ல் திரிபுரா ஐகோர்ட்டும், சர்க்கார் ஊழியருக்குப் பேச்சுரிமை உண்டு. நடத்தை விதிகளின் வரம்புக்குள் அதைப் பயன்படுத்தலாம் என்று கூறியது.

அந்த வரம்புதான் நமக்கு முக்கியம். மத்திய சர்க்கார் ஊழியர்களுக்கு 1964-ம் ஆண்டு விதிகளும், ரயில்வே ஊழியர்களுக்கு 1966-ம் ஆண்டு விதிகளும் உள்ளன. சர்க்காரின் கொள்கையையோ நடவடிக்கையையோ குறை கூறிப் பத்திரிகையில் எழுத இவை தடை விதிக்கின்றன. கதை, கவிதை போன்ற இலக்கியமும், கலை, விஞ்ஞானக் கட்டுரையும் எழுத அனுமதி வேண்டியதில்லை.

ஆகவே பிக்கரிங் வழக்கை நம்பி இங்கே யாரும் பேனாவை எடுத்துவிட முடியாது. எழுதும் முன் விதிப் புத்தகத்தைப் படிப்பது நல்லது. ஆனால் பள்ளிக்கூரை ஒழுகுவது முதலில் தெரிவது அதன் கீழே நின்று பாடம் நடத்துகிறவருக்குத்தான். அவர் வாயை மூடிக்கொண்டால், நனைவது நம் பிள்ளைகள்.