எல்லாம் சொறி அல்ல

இடம்பெயர்ந்து வந்த இடத்தில் ஒரு கொட்டிலுக்குள் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று படுத்தெழும்புகிறோம். பாயும் போர்வையும் எல்லோருக்கும் பொது. குளிக்கத் தண்ணீர் போதாது. இப்படியான வாழ்வில் முதலில் தலைகாட்டுவது தோல் நோய்தான். "உடம்பெல்லாம் கடிக்குது" என்று பிள்ளை சொன்னதும், "அது சொறிதான்" என்று முடிவுகட்டி, அயலில் மிஞ்சிக் கிடக்கும் களிம்பை வாங்கிப் பூசிவிடுகிறோம். சில நாள் அடங்குகிறது; பின்னர் முன்னையதைவிட மோசமாகிறது.

தோலில் வருவதெல்லாம் ஒன்றல்ல. வைத்தியர் தோலைப் பார்ப்பதோடு சில கேள்விகளையும் கேட்டே நோயை இனங்காண்கிறார். எங்கே வந்திருக்கிறது? எப்போது அரிக்கிறது? வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது? தொட்டால் உணர்ச்சி தெரிகிறதா? இந்த நான்கு கேள்விகளையும் நாமும் வீட்டில் கேட்டுப் பார்க்கலாம்.

இரவில் கூடும் அரிப்பு

விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, தொப்புளைச் சுற்றிய இடம், பிட்டம், ஆண்குறி, பெண்களுக்கு மார்பு ஆகிய இடங்களில் சிறு பருக்கள். இரவில் தாங்க முடியாத அரிப்பு. வீட்டில் இன்னும் ஓரிருவருக்கும் அதே தொல்லை. இம்மூன்றும் சேர்ந்தால் அது பெரும்பாலும் சிரங்கு. கைக்குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலையிலும் வரலாம்.

கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிறு உண்ணி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவதே இதற்குக் காரணம். முதன்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்க இரண்டு முதல் ஆறு கிழமை வரை செல்லும். ஆனால் அதற்கு முன்னரே அவர் மற்றவருக்குத் தொற்ற வைக்கலாம். ஆகவே அரிப்பவருக்கு மட்டும் மருந்து பூசினால் பயனில்லை. ஒரே கூரையின் கீழ் படுப்பவர் அனைவரும், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே நாளில் பூச வேண்டும்.

பென்சைல் பென்சோவேற், பேர்மெத்ரின் ஆகியவை இதற்கு வழக்கமாகத் தரப்படும் மருந்துகள். கழுத்திலிருந்து பாதம் வரை, விரல் இடுக்கும் நக அடியும் விடாமல் பூச வேண்டும். எத்தனை மணி நேரம் வைத்திருப்பது என்பதை மருந்து தருபவரிடம் கேட்டறியுங்கள். பெரும்பாலும் ஒரு கிழமைக்குப் பின் மறுபடியும் பூச வேண்டிவரும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வைத்தியரைக் கேளாமல் பூச வேண்டாம். உடுப்பையும் போர்வையையும் அன்றே சுடுநீரில் தோய்த்து நல்ல வெயிலில் காயவிடுங்கள். தோய்க்க முடியாதவற்றைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி மூன்று நாளுக்குக் குறையாமல் வையுங்கள். உடலை விட்டு விலகிய உண்ணி அதற்குமேல் பெரும்பாலும் பிழைக்காது. மருந்து பூசிய பிறகும் சில கிழமைகளுக்கு அரிப்பு இருக்கலாம். அதற்காக நாள்தோறும் மருந்தைப் பூசக்கூடாது.

பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினியையோ மண்ணெண்ணெயையோ உடம்பில் பூசவே கூடாது. அது தோல் வழியாக உடலுக்குள் சென்று உயிருக்கே ஆபத்தாகலாம். சொறிந்த புண்ணில் சீழ் வைத்தால் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அந்தப் புண்ணுக்குப் பின் பிள்ளையின் முகம் வீங்கினாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, அது சிறுநீரகம் பாதிக்கப்பட்டதன் அடையாளமாக இருக்கலாம், தாமதிக்க வேண்டாம்.

வட்டமாகப் படர்வது

ஓரம் சற்றுத் தடித்துச் செதிலுடன் இருக்க, நடுப்பகுதி தெளிந்து, வட்டமாகப் பெருத்துக்கொண்டு போவது படர்தாமரை. வியர்வையும் ஈரமும் தங்கும் அரையிலும் தொடை இடுக்கிலும் அதிகம் வரும். இது பூஞ்சணத்தால் வருவது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்ரெரோயிட் கலந்த களிம்பைப் பூசினால் அரிப்பும் சிவப்பும் உடனே குறையும். ஆனால் பூஞ்சணம் சாகாது. வட்டத்தின் உரு மாறிப் பரவிவிடும், பின்னர் வைத்தியருக்கும் இனங்காண்பது கடினமாகும். பூஞ்சணத்துக்கான மருந்தைச் சொல்லப்பட்ட நாள் முழுவதும், தோல் தெளிந்த பிறகும், பூசி முடிக்க வேண்டும். வயலில் நனைந்த உடுப்போடு இருக்க வேண்டாம். துவாயைப் பிறருடன் பகிர வேண்டாம். பிள்ளையின் தலையில் முடி உதிர்ந்து வட்டம் விழுந்தால் பூச்சு மட்டும் போதாது, குளிசையும் தேவை.

வெளிறிய படை

மார்பிலும் முதுகிலும் மெல்லிய செதிலுடன் வெளிறிய புள்ளிகள் பல சேர்ந்து வருவது தேமல். இதில் உணர்ச்சி குறையாது, ஆபத்தும் இல்லை. மருந்து பூசிய பிறகும் பழைய நிறம் திரும்பச் சில மாதங்கள் செல்லும்.

ஆனால் வெளிறிய அல்லது சிவந்த ஒரு படை, அரிப்பும் நோவும் இல்லாமல், மாதக்கணக்கில் அப்படியே இருந்தால் கவனம் தேவை. அவரைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். பஞ்சுத் திரியின் நுனியால் படையிலும் நல்ல தோலிலும் மாறிமாறித் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். படையில் தொடுவது தெரியாவிட்டால் அது தொழுநோயாக இருக்கலாம்.

"நோவில்லையே, பார்த்துக்கொள்வோம்" என்று விடுவதுதான் இந்நோயில் பெரும் பிழை. நரம்பு கெட்டுப் போனால் கைவிரல் மடங்கும், கால் மரத்துப்போகும். மண்வெட்டி பிடிக்கும் கைக்கு அது பேரிழப்பு. ஆரம்பத்திலேயே மருந்தெடுத்தால் ஊனமின்றிக் குணமாகலாம். நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதச் சிகிச்சை. அரசாங்க வைத்தியசாலையில் இலவசம். மருந்து தொடங்கியதும் பிறருக்குத் தொற்றும் தன்மை விரைவில் நீங்கிவிடும். எனவே எவரையும் ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.

ஆறாத புண்

முகம், கை, கால் போன்ற மூடப்படாத இடத்தில் நோவில்லாத ஒரு கட்டி வந்து, மெல்ல மெல்லப் புண்ணாகி, வாரக்கணக்கில் ஆறாதிருந்தால் அது மணல் ஈ பரப்பும் லீஷ்மேனியா நோயாக இருக்கலாம். காட்டோரங்களில் சேனை செய்வோர் இதை நினைவில் வைத்திருப்பது நல்லது. இதற்கும் சிகிச்சை உண்டு.

வைத்தியரிடம் போகும்போது, எப்போது தொடங்கியது, வீட்டில் வேறு யாருக்கு உண்டு என்பவற்றைச் சொல்லுங்கள். இதுவரை பூசிய களிம்பின் குழாயையும் கையோடு கொண்டு செல்லுங்கள். வைத்தியசாலை தூரமென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ காட்டுங்கள், அவர்கள் வழிகாட்டுவார்கள்.

தோல் நோய் அழுக்கானவருக்கே வரும் என்பது தவறு. நெருக்கத்தில் வாழ நேர்ந்த எவருக்கும் அது வரலாம். மறைப்பதால் நோய் வளரும். இன்றிரவே விளக்கைக் கிட்ட வைத்து, பிள்ளைகளின் விரல் இடுக்கையும் முதுகையும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.