கடைசிப் பத்து அட்டைகளில் கவனம்

1933-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இருந்த கவுடி பபிள்கம் கம்பெனி, பாக்கெட்டுக்கு ஒரு பேஸ்பால் வீரரின் அட்டையை உள்ளே வைத்து விற்றது. எண்கள் 1 முதல் 240 வரை. பிள்ளைகள் காசு சேர்த்து வாங்கினார்கள், ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டார்கள், வரிசையாக அடுக்கினார்கள். 105 இருந்தது, 107 இருந்தது. 106 மட்டும் யார் கையிலும் இல்லை. கம்பெனி அதை அந்த ஆண்டு வெளியிடவே இல்லை. இல்லாத எண்ணைத் தேடி இன்னும் நாலு பபிள்கம் வாங்கட்டுமே என்ற வியாபாரக் கணக்கு அது. எரிச்சலடைந்து கம்பெனிக்குக் கடிதம் எழுதியவர்களுக்கு மறு ஆண்டு அந்த அட்டை தபாலில் வந்தது. அதில் இருந்தவர் நாப் லாஜோய். 1916-லேயே மேஜர் லீக்கில் ஆடுவதை நிறுத்திவிட்டவர். கடிதத்தோடு கிளிப் குத்தி அனுப்பியதால், மிஞ்சியிருக்கும் பல அட்டைகளில் கிளிப்பின் தடம் இன்றும் தெரிகிறது. கேட்டவருக்குக் கிடைத்தது, கேட்காதவரின் செட் 239-லேயே நின்றுபோனது.

நம் ஊரிலும் இந்தப் பித்துக்கு வயதாகிறது. பிக் ஃபன் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் அட்டைகளில் ஓட்டம், விக்கெட் என்று அச்சிட்டிருக்கும்; சேர்த்துக் கொடுத்தால் பரிசு. தொண்ணூறுகளில் மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டு வந்தது. வாத்தியாரிடம் பிடிபட்டுப் பறிபோன கட்டுகளுக்குக் கணக்கே இல்லை. பிறகு டாப்ஸ் கம்பெனியின் கிரிக்கெட் அட்டாக்ஸ், பனினியின் கால்பந்து ஸ்டிக்கர் ஆல்பம். இப்போது பிள்ளைகளோடு சேர்ந்து, சம்பாதிக்கத் தொடங்கிவிட்ட அந்தக் காலத்துப் பிள்ளைகளும் சேகரிக்கிறார்கள். அன்று விட்டுப்போன எண்ணை இன்று காசு கொடுத்தாவது நிரப்பிவிட வேண்டும் என்ற வேகம் அவர்களுக்கு இருக்கிறது. பணம் போவது அந்த வேகத்தில்தான். செட் சேர்ப்பதில் ஏமாறும் வாய்ப்பு எல்லா நாளும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆல்பத்தில் பத்துப் பதினைந்து கட்டங்கள் மட்டும் காலியாக இருக்கும் நாள்களில் அது மொத்தமாக வந்து நிற்கிறது.

கணக்குப் போட்டாலே இது தெரிந்துவிடும். 2022 கத்தார் உலகக் கோப்பைக்குப் பனினி வெளியிட்ட ஆல்பத்தில் 670 ஸ்டிக்கர்கள், பாக்கெட்டுக்கு 5. எல்லா எண்களையும் சம அளவில் அச்சிட்டு நன்றாகக் கலக்கியிருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பாதி ஆல்பம் சராசரியாக 93 பாக்கெட்டில் நிரம்பிவிடும். அந்த உற்சாகத்தில், இன்னொரு 93 வாங்கினால் முடிந்துவிடும் என்று மனம் சொல்லும். முடியாது. யாருடனும் மாற்றிக்கொள்ளாமல் முழுவதையும் நிரப்ப ஏறக்குறைய 950 பாக்கெட் தேவை. அதில் கடைசிப் பத்து இடங்களுக்கு மட்டும் 390-க்கு மேல். கடைசி ஒரே ஒரு கட்டத்துக்குச் சராசரி 134 பாக்கெட். இது யாருடைய சூழ்ச்சியும் அல்ல, வெறும் நிகழ்தகவு. சில எண்களைக் குறைவாக அச்சிட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

அதனால் பாதிக்கு மேல் போனதும் பாக்கெட் வாங்குவதைக் குறைத்து, டூப்ளிகேட்டுகளை மாற்றிக்கொள்ள ஆள் தேடுவதுதான் புத்திசாலித்தனம். விடுபட்ட ஸ்டிக்கர்களை எண் சொல்லிக் கேட்டால் குறிப்பிட்ட அளவுவரை நேரடியாக விற்கும் வசதியையும் பனினி பல நாடுகளில் வைத்திருக்கிறது. கடைக்காரர் இதையெல்லாம் சொல்ல மாட்டார்.

பாக்கெட்டில் வேண்டியது வரவில்லை என்று வழக்குப் போட முடியுமா? அமெரிக்காவில் போட்டுப் பார்த்தார்கள். அரிய அட்டையை எங்கோ சில பாக்கெட்டுகளில் மட்டும் வைத்து விற்பது சூதாட்டம் என்று தொண்ணூறுகளில் பல கம்பெனிகள்மீது வழக்குகள் வந்தன. 2002-இல் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அவற்றை ஏற்க மறுத்தது. வாங்கியவர் கேட்டது ஒரு பாக்கெட் அட்டை; அது கிடைத்துவிட்டது; எதிர்பார்த்த அரிய அட்டை வராத ஏமாற்றம் சொத்து இழப்பு ஆகாது என்பது அதன் நிலைப்பாடு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பத்து வயதுப் பிள்ளையை மனத்தில் வைத்து விற்கும் பொருளுக்குப் பெரியவர்களின் ஒப்பந்த தர்க்கத்தைப் பொருத்துவது இடறுகிறது. ஆனாலும் வாங்குபவர் அதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அதிர்ஷ்டம் கைவிட்டதற்கு நிவாரணம் கேட்பது கடினம். சொன்ன விவரம் பொய்யானால் கேட்கலாம்.

இந்தியாவில் அந்தக் கதவு நன்றாகவே திறந்திருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருளைப் பற்றிய பொய்யான விவரத்தையும், கொடுக்கும் எண்ணமில்லாமல் பரிசு அறிவிப்பதையும் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. 240 எண் என்று அச்சிட்டுவிட்டு ஒன்றை வெளியிடாமல் வைத்துக்கொள்ளும் கம்பெனிமீது இந்தச் சட்டத்தை வைத்து வாதிட இடமுண்டு. அட்டைப் பாக்கெட்டின் பின்புறத்தையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் விதிகளின்படி அதிகபட்ச சில்லறை விலை, உள்ளே எத்தனை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, புகார் செய்யத் தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல் கண்ணாடித்தாளில் சுற்றி வருவது பெரும்பாலும் உரிமம் பெறாத அச்சு. எம்ஆர்பிக்கு மேல் விற்றால் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் செய்யலாம்.

பாக்கெட்டை விட்டு, தனி அட்டைகளையும் முழு செட்டையும் பிறரிடமிருந்து வாங்கத் தொடங்கும்போதுதான் பெரிய பணம் புழங்கும். பேஸ்பால் அட்டைகளில் மிகப் புகழ்பெற்றது 1909-11 காலத்து டி206 வரிசையின் ஹோனஸ் வாக்னர். அதில் ஒரு பிரதி, 1991-இல் தொடங்கிய பிஎஸ்ஏ தரமதிப்பீட்டு நிறுவனத்திடம் 8 மதிப்பெண் வாங்கி, 2007-இல் 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அந்த அட்டையின் ஓரங்களைத் தானே வெட்டிச் சீராக்கியதை ஏலதாரர் பில் மாஸ்ட்ரோ பின்னர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மோசடிக் குற்றத்துக்காக 2015-இல் அவருக்கு 20 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. உலகமே உற்றுப்பார்த்த அட்டைக்கே அந்த நிலை.

இன்றைய வழக்கமான அளவு அட்டை இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம். சந்தேகம் வந்தால் அதே செட்டின் மலிவான அட்டை ஒன்றின்மேல் வைத்துப் பாருங்கள். ஓரம் வெட்டியது குட்டையாகத் தெரியும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அசல் ஆஃப்செட் அச்சில் படம் ஒழுங்கான புள்ளிகளாகவும் எழுத்து அழுத்தமான கறுப்பாகவும் இருக்கும். படம் பிடித்து மறுபடி அச்சிட்டதில் எழுத்துக்குள்ளும் புள்ளி தெறித்திருக்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய அட்டை என்று சொல்லப்படுவது புறஊதா விளக்கில் பளீரென்று ஒளிர்ந்தால், அது பிற்காலத்துக் காகிதம். தரமதிப்பீடு செய்த பிளாஸ்டிக் உறையில் வந்தாலும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். உறையின் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். உண்மையான எண்ணைப் போலி உறையில் ஒட்டுகிறவர்கள் உண்டு. ஆகவே அங்கே படம் இருந்தால் அதோடும் ஒப்பிடுங்கள்.

'கம்ப்ளீட் செட்' என்று விளம்பரம் வந்தால் முதலில் சோதிக்க வேண்டியது அந்த செட்டின் விலைமிக்க அட்டையைத்தான். 1952 டாப்ஸ் செட்டில் 407 அட்டைகள். 310-க்கு மேற்பட்ட எண்கள் தாமதமாக வெளிவந்து விற்காமல் தேங்கின. 1960-இல் அவற்றைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக டாப்ஸின் சை பெர்கரே சொல்லியிருக்கிறார். 311-ஆம் எண் மிக்கி மேன்டல். அதில் ஒரு பிரதி 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இப்படி ஒரு செட்டில் 406 அட்டைகள் அசலாக இருந்து இந்த ஒன்று மட்டும் மறுபதிப்பாக இருந்தால், விற்பவர் 'செட் முழுசா இருக்கு சார்' என்று கூச்சமில்லாமல் சொல்லலாம். அதனால் எண் வரிசையில் படம் கேளுங்கள். அடிப்படை செட் மட்டுமா, கையெழுத்து அட்டை போன்ற சிறப்பு அட்டைகளும் சேர்த்தா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

எழுத்து இங்கே மிக முக்கியம். விவரத்தைச் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே இருக்கிறது. 'அசல், மறுபதிப்பு அல்ல, ஓரம் வெட்டாதது, எண் இத்தனை' என்று வாட்ஸ்அப்பில் விற்பவர் அனுப்பும் ஒரு வரி பின்னால் சாட்சியாகும். போனிலேயே பேசி முடிக்கப் பார்த்தால், பேசியதை நீங்களே செய்தியாக எழுதி 'சரிதானே?' என்று கேட்டு, பதில் வந்தபிறகு பணம் போடுங்கள்.

இணைய விற்பனைக்கு 2020-இல் வந்த மின்வணிக விதிகள் கூடுதல் பிடி தருகின்றன. விற்பனைத் தளம் குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பையும் வெளியிட வேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். போலியான பொருளையும் விளம்பர விவரத்துக்குப் பொருந்தாத பொருளையும் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்க முடியாது. 'நோ ரிட்டர்ன்' என்று போட்டிருப்பதைப் பார்த்து ஒதுங்கிவிட வேண்டாம்.

ஒரு நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. மறுவிற்பனைக்காகவோ வணிக நோக்கத்துக்காகவோ வாங்குபவர் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நுகர்வோர் ஆகமாட்டார். தன் செட்டை நிரப்ப வாங்கியவர் நுகர்வோர். ஆறு மாதம் வைத்திருந்து லாபத்துக்குத் தள்ளிவிடப் பத்துப் பெட்டி வாங்கியவர் நுகர்வோர் ஆணையத்தின் படியேறுவது கடினம். அதேபோல, வீட்டில் கிடந்ததை எப்போதாவது விற்கும் தனிநபரை 'வணிகர்' என்று நிறுவுவதும் சிக்கல். அங்கே உரிமையியல் வழக்கோ, ஏமாற்றும் எண்ணம் தொடக்கத்திலேயே இருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் போலீஸ் புகாரோதான் வழி.

டெலிகிராம், ஃபேஸ்புக் குழுக்களில் எனக்கு வேண்டிய எண்கள் இவை என்று பட்டியல் போடுவது சேகரிப்பவர்களின் வழக்கம். மோசடிக்காரருக்கும் அந்தப் பட்டியல் உதவுகிறது. 'உங்க லிஸ்ட்ல மூணு நம்பர் என்கிட்ட இருக்கு, இன்னொருத்தரும் கேக்கறாரு, அட்வான்ஸ் போட்டா எடுத்து வெச்சிடறேன்' என்று செய்தி வரும். படம் வேறெங்கிருந்தோ சுட்டது. இன்றைய தேதியையும் உங்கள் பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதி அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் புதுப் படம் கேளுங்கள். போலி ஆள் அத்தோடு மறைந்துவிடுவார். பணத்தைத் திருப்பித் தருகிறேன், ஸ்கேன் பண்ணுங்க என்றால் செய்யாதீர்கள். பணம் பெற யூபிஐ பின் எண் தேவையே இல்லை. பணம் போய்விட்டது என்று தெரிந்த கணமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். அது அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த வாய்ப்பு இருக்கும். மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வங்கி ஈடுகட்டும் என்று ரிசர்வ் வங்கி விதியைக் காட்டிச் சிலர் ஆறுதல் சொல்வார்கள். அது உங்களுக்குத் தெரியாமல் நடந்த பரிமாற்றத்துக்கு. நீங்களே பின் போட்டு அனுப்பியதற்குப் பொருந்தாது.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். 'கிஃப்ட்' என்று எழுதி அனுப்பினால் வரி இல்லை என்ற பழைய சலுகை 2019 டிசம்பரில் போய்விட்டது. விலையைக் குறைத்து எழுதச் சொன்னால், வழியில் தொலைந்தால் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் இழப்பீடு கேட்க முடியும். சிக்கினால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

செல்போன் செயலிகளில் டிஜிட்டல் பாக்கெட் பிரிக்கும் பிள்ளைகள் விஷயத்தில், கார்டு விவரத்தைப் போனில் சேமிக்காமல் இருப்பதே முதல் காப்பு. 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர் என்கிறது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். பிள்ளை தெரியாமல் வாங்கிவிட்டால் தாமதிக்காமல் அதைச் சுட்டிக்காட்டிச் செயலிக் கடைக்கு எழுதுங்கள்.

பார்சல் வந்தால் பிரிக்கும் முன்பே வீடியோவை ஓடவிடுங்கள். முகவரிச் சீட்டு, ஒட்டிய நாடா, உள்ளிருந்து எடுக்கும் அட்டை எல்லாம் ஒரே ஓட்டத்தில் பதிவாகட்டும். தவறு இருந்தால் முதலில் விற்பவருக்கு எழுத்தில் புகார். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். கெடு இரண்டு ஆண்டு.

உங்கள் டூப்ளிகேட்டுகளை நீங்கள் விற்கும்போதும் இதே சட்டங்கள் உங்கள் பக்கம் திரும்பும். மறுபதிப்பென்றால் மறுபதிப்பு என்றும், முனை மடங்கியிருந்தால் மடங்கியது என்றும் செய்தியிலேயே எழுதிவிடுங்கள். தொடர்ந்து விற்பவரானால் பில்லும் கொடுங்கள். பில் தர மறுப்பதும் அந்த 2019 சட்டத்தில் புகாருக்குரிய நடைமுறைதான்.