கொடி இல்லாத ஒன்பது நாள்

2015 செப்டம்பர். மூணாறில் தேயிலைக் கொழுந்து கிள்ளும் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு சாலையை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். பார்க்க வந்த தேவிகுளம் எம்.எல்.ஏ. எஸ். ராஜேந்திரனை விரட்டியே அனுப்பினார்கள். சங்கக் கொடி எதுவும் வேண்டாம், ஆம்பளைகளும் தள்ளியே நில்லுங்கள் என்பது அவர்கள் கட்டளை. கூட்டத்துக்குப் பெயர் ‘பொம்பிளை ஒருமை’. பாதி தமிழ், பாதி மலையாளம். மூணாறு பேச்சு அப்படித்தான்.

முந்தைய ஆண்டு 19 சதவீதமாக இருந்த போனஸைத் தோட்டக் கம்பெனி 10 ஆகக் குறைத்ததுதான் பொறி. நாள் கூலி அப்போது 232 ரூபாய். அதற்கு 21 கிலோ கொழுந்து எடுத்தாக வேண்டும்.

கோபம் கம்பெனியோடு நிற்காததற்குக் காரணம் உண்டு. சி.ஐ.டி.யு. மார்க்சிஸ்ட் கட்சியின் சங்கம், ஏ.ஐ.டி.யு.சி. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியுடையது, ஐ.என்.டி.யு.சி. காங்கிரஸ் சங்கம். தேர்தல் மேடையில் ஒருவரையொருவர் கிழித்தெடுக்கும் மூவரும் நிர்வாகத்தின் முன்னால் மட்டும் ஒரே குரலாகிவிடுகிறார்கள் என்பது பெண்களின் குற்றச்சாட்டு. தாத்தா காலத்துச் சங்கம் என்று அப்பாவும், அப்பா சங்கம் என்று மகளும் சந்தா கட்டிவந்த வீடுகள் அவை.

ஒன்பதாம் நாள், எதிர்க்கட்சித் தலைவராக இருந்த வி.எஸ். அச்சுதானந்தன் வந்து அவர்களோடு உட்கார்ந்தார். அன்றிரவே 20 சதவீதம் முடிவானது. போனஸ் 8.33, கருணைத்தொகை 11.67. அக்டோபரில் கூலி 301 ரூபாயானது. 500 கேட்டிருந்தார்கள்.

நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில், போராட்டத் தலைவிகளில் ஒருவரான கோமதி அகஸ்டின் தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்துக்கு ஜெயித்தார். மூணாறு கிராமப் பஞ்சாயத்திலும் இரண்டு இடம் கிடைத்தது. ஆனால் 2016 மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் அவர்கள் வேட்பாளர் எடுபடவில்லை. வென்றவர், எட்டு மாதம் முன்பு துரத்தப்பட்ட அதே ராஜேந்திரன். கோமதியே சில காலம் சி.ஐ.டி.யு. பக்கம் போய்த் திரும்பினார்.

இப்படிப் பழைய கட்சிக்கும் சங்கத்துக்குமே திரும்பியதைக் கட்சிவெறி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. லயத்து வீடு கம்பெனியுடையது. வேலை நின்றால், வீட்டில் வேறு யாரும் தோட்டத்தில் பேர் பதியவில்லையென்றால், காலி செய்ய வேண்டும். பி.எஃப். பணம் தாமதமானாலும், கூரை ஒழுகினாலும், ஆபீசில் போய்க் கேட்க ஒரு ஆள் வேண்டும். போராட்டம் ஒன்பது நாளில் முடிந்தது. கூரை ஒவ்வொரு மழைக்கும் ஒழுகுகிறது.