பாலை: கிள்ளிப் பார்த்து வைத்த பெயர்

அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் போகிற வீதியில், கோமாரிக்கு அருகில் சங்கமன்கண்டி. இந்தப் பக்கத்து வரண்ட காடுகளில் பாலையும் வீரையும் அடுத்தடுத்து நிற்கும் மரங்கள். இரண்டுக்கும் கரும்பச்சையான தடித்த இலை. எட்ட நின்று பார்த்தால் குழப்பம்தான். கிட்டப் போய் ஓர் இலையைக் கிள்ளுங்கள். வெள்ளைப் பால் கசிந்தால் பாலை, கசியாவிட்டால் வீரை. இந்தச் சோதனையைத்தான் நம் முன்னோர் பெயராகவே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வேறு அடையாளங்களும் உண்டு. பாலையின் இலைகள் கிளை நுனியில் கொத்தாக இருக்கும். இலைமுனை கூராக முடியாமல் சற்றே உள்வாங்கியிருக்கும். பட்டை கருஞ்சாம்பல், ஆழமாக வெடித்தது. பழக்காலத்தில் சந்தேகமே வராது: பாலைப்பழம் மஞ்சள், வீரைப்பழம் சிவப்பு. குமணக் காட்டில் கரடிகள் பாலைப்பழத்துக்காகவே மரமேறும்.

வட இந்தியாவில் இதற்குக் 'கிர்னி' என்று பெயர். பால் என்று பொருள்படும் 'க்ஷீர' என்ற வடசொல்லிலிருந்து வந்தது அது. அங்கேயும் யாரோ இலையைக் கிள்ளித்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் பால் உறவைச் சொல்லாது. வெட்பாலை, குடசப்பாலை, ஏழிலைப்பாலை மூன்றும் பெயரில் பாலைதான், குடும்பமோ அலரியினுடையது. நம்முடைய பாலை இலுப்பைக் குடும்பம். மகிழமரமும் சப்போட்டாவும் இதன் சொந்தங்கள். சப்போட்டா மிக நெருங்கிய உறவு. இந்தியாவில் பாலைக் கன்றின் மேல்தான் அதை ஒட்டுக் கட்டுகிறார்கள். ஒரு காலத்தில் சூயிங்கம் சப்போட்டா மரத்தின் பாலில் செய்யப்பட்டது. பாலைப்பழம் தின்றால் உதடு ஏன் ஒட்டிக்கொள்கிறது என்பது இப்போது விளங்கும்.

தாவரவியலில் இதன் பெயர் மணில்காரா ஹெக்சாண்ட்ரா. பின்பாதி கிரேக்கம்: பூவில் ஆறு மகரந்தத்தாள்கள் என்று பொருள். முன்பாதி மலையாளம். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்த 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' நூலில், டச்சு ஆளுநர் வான் ரீடே கேரள மக்களிடம் கேட்டுப் பதிந்த பெயர்களில் ஒன்று அது. உலகம் முழுக்க எழுதப்படும் பெயருக்குள் ஒரு மலையாளச் சொல் இருப்பதை நினைக்க எனக்குப் பெருமகிழ்ச்சி.

மரம் தண்ணீரில் மூழ்குமளவு கனம். ரயில் தண்டவாளத்துச் சிலிப்பர்க் கட்டைகளுக்கு வெட்டினார்கள். ஓங்கி வளர அதற்கு நெடுங்காலம் வேண்டும்.

கிள்ளிப் பார்க்கும் பழக்கத்தைக் களப்போரம் மட்டும் கொண்டுபோக வேண்டாம். அங்கே கண்டல்களுக்கிடையே தில்லை நிற்கும். அதற்கும் வெள்ளைப் பால்தான். ஒரு சொட்டுக் கண்ணில் பட்டால் பார்வையே மங்கிவிடும்.