கிணற்றுக்குச் சுவர் எழுப்பியவர்

ஆப்பிரிக்கக் கிராமத்துக்கு இரண்டு வாரக் கிறிஸ்தவ ஊழியப் பயணம் போய்ச் சுவருக்கு வண்ணம் பூசித் திரும்புவதால் ஊருக்குப் பெரிய பயன் இல்லை. தங்குகிறவர்களாலேயே நோய் குறைகிறது. சான்று தமிழ்நாட்டின் நாமகிரிப்பேட்டைக்கு அருகிலேயே இருக்கிறது. கொல்லிமலையில் குடியேறிய ஆங்கிலேய ஊழியர் ஜெஸ்ஸி பிராண்ட், நோயாளியின் காலிலிருந்து வெளிவரும் நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றி, அறுந்துவிடாமல் மெல்ல இழுத்தெடுப்பார். புண்ணுள்ள கால் தண்ணீரில் பட்டால் புழு குஞ்சுகளைக் கொட்டும். அந்த நீரைக் குடிப்பவருக்கும் நோய் வரும். எனவே கிணறுகளைச் சுற்றிக் கல்சுவர் கட்டவைத்தார். வந்துபோகிறவருக்குப் புண்தான் கண்ணில் படும், கிணறு படாது.

மதம் பரப்பத்தானே வந்தார் என்பீர்கள். ஆம், அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் சுவர் எல்லோருக்கும் காவல். சில நாள் முகாமில் கண்புரை நீக்குவதும் நல்லதே, பிறகு கவனிக்க உள்ளூரில் ஆள் இருந்தால். பிராண்ட் 1929இல் மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். மனைவி ஈவ்லின் ஓய்வுக்குப் பின்னும் மலைக்குத் திரும்பி முதுமைவரை உழைத்து, 1974இல் காலமானார். நரம்புச் சிலந்தி இந்தியாவில் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2000இல்.