சறுக்கத் தெரிந்தவர்களின் விபத்து

சக்கரத்தின் கதை – 17

நார்வே அரசு 1979-இல் அந்த விதியை நல்ல எண்ணத்தோடுதான் கொண்டுவந்தது. புதிதாக உரிமம் வாங்கியவர்கள் இரண்டாம் கட்டமாக வழுக்கும் தரையிலும் காரோட்டிப் பழக வேண்டும் என்றது விதி. குளிர்காலம் நீண்டுகிடக்கும் நாடு, மலைச்சாலைகள் வேறு. சறுக்கும் காரை மீட்கத் தெரிந்துவிட்டால் விபத்து குறையும் என்று யாருக்குத்தான் தோன்றாது? பிள்ளைகள் பயிற்சித் தளத்துக்குப் போனார்கள், காரைச் சுழலவிட்டார்கள், ஸ்டீயரிங்கைத் திருப்பி நேராக்கினார்கள், சிரித்துக்கொண்டே வீடு திரும்பினார்கள். பிறகு ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். 1988-இல் வெளியான அறிக்கையின்படி, வழுக்கும் சாலைகளில் இளம் ஆண்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு குறையவில்லை. கூடியிருந்தது.

பாடம் சொல்லிக்கொடுத்ததால் மாணவன் கெட்டுப்போன கதை இது. எப்படிக் கெட்டான் என்பதற்கு விடை பக்கத்து நாடான ஸ்வீடனில் கிடைத்தது. நில்ஸ் பெட்டர் கிரெகர்சன் என்ற ஆய்வாளர், காரோட்டக் கற்றுக்கொண்டிருந்தவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார். முதல் குழுவுக்கு வழுக்கும் தரையில் பிரேக் பிடிக்கவும் விலகிப்போகவும் கைப்பழக்கம் வரும்வரை பயிற்சி. இரண்டாம் குழுவுக்கு வேறு மாதிரி: உன் திறமை இந்த இடத்தில் எடுபடாது, சூழ்நிலை உன் கையை மீறிப் போகும் என்பதைக் காட்டிக்கொடுக்கும் பயிற்சி. பிறகு இருவரையும் ஒரே தளத்தில் ஓட்டவைத்துப் பார்த்தார். ஓட்டுவதில் இரு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால், ‘எனக்கு எவ்வளவு வரும்’ என்று கேட்டபோது, கைப்பழக்கம் பெற்றவர்கள் தங்களைப் பற்றி அதிகமாக மதிப்பிட்டார்கள். 1996-இல் இந்த ஆய்வு வெளியானது. அரை நாள் பயிற்சியில் திறமை வளர்வதற்கு முன்பே தைரியம் வளர்ந்துவிடுகிறது. அந்தத் தைரியத்தோடு ஒருவன் ஜனவரி மாத இரவில் பத்து கிலோமீட்டர் வேகம் கூட்டி ஓட்டினால் போதும், கற்ற வித்தை அத்தனையும் கணக்கில் கழிந்துபோகும்.

ஸ்வீடன் 1999-இல் தன் பாடத்திட்டத்தைத் திருத்திக்கொண்டது. பயிற்சித் தளம் இன்றும் இருக்கிறது. உரிமம் வாங்க அங்கே போயே ஆக வேண்டும். பாடத்தின் நோக்கம்தான் மாறிவிட்டது. ஒரு வேகத்தில் கார் தடைக்கு முன்னால் நிற்கும். வேகத்தைச் சற்றே கூட்டச் சொல்வார்கள், தடையைத் தட்டிக்கொண்டு போய் எங்கோ நிற்கும். உள்ளே இருக்கும் பையன் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருப்பான். சரியாகச் செய்தும் நிற்கவில்லை என்பதை அவன் உடம்பு உணர்வதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

அவன் உணர்வது வெறும் இயற்பியல். உலர்ந்த தார்ச்சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரில் பிரேக்கை அழுத்தினால் சுமார் 12 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியின் மேல் அதுவே 40 மீட்டர் ஆகிவிடும். பளபளக்கும் பனிக்கட்டியின் மேல் கிட்டத்தட்ட 100 மீட்டர். கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்குக்குப் போகும் நேரத்தில் ஓடும் தூரம் இதில் சேரவில்லை. வேகத்தை 60 ஆக்கினால் பனிக்கட்டியில் இன்னும் 40 மீட்டர் கூடும். 30-க்கு இறங்கினால் 35 மீட்டரில் நின்றுவிடலாம். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்ற பள்ளிக்கூடக் கணக்குதான். வெயில் ஊரில் மன்னித்துவிடும் கணக்கு அங்கே வட்டியோடு வசூலிக்கும்.

அதனால் பனிநாட்டில் நெடுநாள் ஓட்டியவர்களிடம் வித்தை அதிகம் இருக்காது, பழக்கம்தான் இருக்கும். கிளம்பும்போது கியர் காரானால் இரண்டாவது கியர், சக்கரம் சுழன்று குழி பறிக்காமலிருக்க. முன்னால் போகும் வண்டிக்கும் தமக்கும் எட்டு, பத்து விநாடி இடைவெளி. க்ரூஸ் கண்ட்ரோலைத் தொடுவதே இல்லை. பனியை வாரிக்கொண்டு போகும் வண்டி முன்னால் போனால் முந்தாமல் பின்னாலேயே போவார்கள். அந்த ஊரில் அந்த நேரத்தில் சுத்தமான சாலை அந்த வண்டிக்குப் பின்னால்தான் இருக்கிறது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமல் போவார்கள். டயரின் பிடிப்பு ஓரளவுதான். திரும்புவதற்கும் நிற்பதற்கும் ஒரே நேரத்தில் அதைப் பங்கு போட்டால் இரண்டுக்கும் போதாது.

எந்த நாளில் அதிகம் பயப்பட வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். புதிதாகப் போனவர்கள் மைனஸ் 20 டிகிரியைப் பார்த்து நடுங்குவார்கள். பழகியவர்களுக்குப் பூஜ்ஜியத்தை ஒட்டிய நாள்தான் பயம். கடுங்குளிரில் பனிக்கட்டி உலர்ந்து சொரசொரப்பாகக் கிடக்கும், ஓரளவு பிடிப்பு உண்டு. பூஜ்ஜியத்தில் அதன் மேல் மெல்லிய நீர்ப்படலம் படர்ந்துவிடும். பகலில் உருகியது மாலையில் கண்ணாடியாக உறையும். கறுப்புத் தாரின் மேல் நிறமே இல்லாத கட்டி, ஈரம் என்றுதான் தோன்றும். பாலங்கள் இன்னும் மோசம். சாலைக்கு அடியில் மண்ணின் வெப்பம் இருக்கிறது, பாலத்துக்கு அடியில் காற்று. மேலும் கீழும் குளிர்ந்து சாலைக்கு முன்னால் பாலம் உறைந்துவிடும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் பெரிய வண்டி வாங்கியவர்கள் இதில் தனி ரகம். கிளம்புவதற்கு அந்த வசதி பெரிய உதவி, மறுக்க முடியாது. நிற்பதற்கு? எல்லாக் காரிலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இருக்கிறது. இதில் மட்டும் கூடுதலாக ஒன்றும் இல்லை, எடைதான் கூடுதல். பனிப்புயலுக்கு மறுநாள் பள்ளத்தில் கிடக்கும் வண்டிகளில் இந்த ரகமும் தவறாமல் இருக்கும்.

மனிதனை நம்பிப் பயனில்லை என்று முடிவெடுத்தவர்கள் பொறியாளர்கள். 1989 பிப்ரவரியில் ஸ்வீடனில் குளிர்காலச் சோதனை ஓட்டத்தில் இருந்த மெர்சிடிஸ் பொறியாளர் ஃபிராங்க் வெர்னர் மோன், பனியில் சறுக்கிச் சாலையோரப் பள்ளத்தில் காரை இறக்கிவிட்டார். இழுவை வண்டிக்குக் காத்திருந்த நேரத்தில் ஒரு யோசனை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். 1978-லேயே வந்துவிட்டது. கார் எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதையும் ஒரு கருவி கண்டுபிடித்துச் சொன்னால், ஒரே ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்துக் காரை நேராக்கிவிடலாமே? ஆரம்ப முயற்சியில் பொம்மை ஹெலிகாப்டரின் சுழல்மானியைக் கழற்றிப் பொருத்தினார்கள். உறைந்த ஏரியின் மேல் நடந்த சோதனையில், காரோட்டுவதில் கைதேராத நிர்வாகி ஒருவரை உட்காரவைத்து இந்தக் கருவியோடு ஓட்டச் சொன்னார்கள். தேர்ந்த ஓட்டுநர்களுக்கு ஈடாக அவர் வந்துசேர்ந்ததும் நிறுவனம் பணம் ஒதுக்கியது. 1995-இல் ஈ.எஸ்.பி. என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. தனி வண்டியாகக் கவிழ்ந்தும் மோதியும் நேரும் உயிரிழப்பு விபத்துகளை இது சுமார் பாதியாகக் குறைத்ததாக அமெரிக்கக் கணக்குகள் சொல்கின்றன. பயிற்சித் தளங்களால் முடியாததை ஒரு சில்லு செய்துவிட்டது. அதுவும் இருக்கும் பிடிப்பைத்தான் பங்கிடும். இல்லாத பிடிப்பை உண்டாக்காது.

பிடிப்பை உண்டாக்குவது டயர். 1934-இல் பின்லாந்தின் நோக்கியா ஊரில் இருந்த ரப்பர் ஆலை, பனிக்கென்றே உலகின் முதல் டயரைச் செய்தது. அன்றைய லாரிகள் சங்கிலி கட்டிக்கொண்டு ஓடின. இந்த டயரின் குறுக்குவரிகள் பனிக்குள் பல் பதித்து ஏறின. இரண்டு வருடத்தில் கார்களுக்கும் வந்தது. இன்றைய குளிர்கால டயரின் ரகசியம் வரிகளில் பாதி, ரப்பரில் பாதி. கோடை டயர் 7 டிகிரிக்குக் கீழே பழைய செருப்பின் அடிபோல இறுகிவிடும். இது இளகியே இருக்கும். சிக்கனம் பார்த்து இரண்டு மட்டும் வாங்கி முன்சக்கரத்தில் மாட்டுபவர்கள் உண்டு. முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும்.

கனடாவின் கியூபெக் மாகாணம் 2008-இல் குளிர்கால டயரைச் சட்டமாக்கியது. வட அமெரிக்காவில் அதுதான் முதல். இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். பக்கத்து ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை; காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி கொடுக்க வேண்டும் என்று 2016 முதல் விதி. ஈழத்தமிழர் நிறைந்த ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் நவம்பர் வந்தால், “அண்ணை, டயர் மாத்தியாச்சோ?” என்பது நலம் விசாரிப்பதில் சேர்ந்துவிடும்.

டயர் ஊரையே மாற்றிய கதை ஜப்பானில் நடந்தது. ஹொக்கைடோ தீவின் சப்போரோவில் முன்பெல்லாம் ஆணி பதித்த டயர்தான். பனிக்கட்டியில் அதற்கு ஈடில்லை. பனி உருகியதும் அதே ஆணிகள் தாரைச் சுரண்டின. வசந்தகாலம் தூசியாக வந்தது. மக்கள் இருமினார்கள், புகார் வலுத்தது. 1990-இல் சட்டம் போட்டு ஆணி டயரை ஒழித்தார்கள். காற்று தெளிந்தது. அடுத்த குளிரில் புதிய தொல்லை முளைத்தது. ஆணி இருந்தவரை பனிக்கட்டியைக் கீறிச் சொரசொரப்பாக்கிக்கொண்டே இருந்தது. ஆணியில்லாத மென்மையான டயர்கள் அதைத் தேய்த்து மெருகேற்றின. எல்லா வண்டியும் நின்று, சக்கரம் சுழன்று கிளம்புகிற சிக்னல் சந்திப்புகள் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிட்டன. மாநகராட்சி மணலும் சரளையும் தூவியது; சப்போரோவாசிகள் சிக்னலுக்கு வெகுதூரம் முன்பே காலை எடுத்துக்கொள்ளப் பழகினார்கள். அந்தத் தீவின் நெடுஞ்சாலைகளில் தலைக்கு மேலே சிவப்பும் வெள்ளையுமாக அம்புகள் கீழ்நோக்கித் தொங்கும். பனி மூடிய சாலையின் விளிம்பு எங்கே என்று காட்டுவதற்கு. சிக்னல் விளக்குகளும் மேலிருந்து கீழாக அடுக்கியிருக்கும். படுக்கைவாட்டில் இருந்தால் பனி உட்கார்ந்துகொள்ளும்.

ஓட்டுவதைவிட நிற்பதில் உயிர் போன சம்பவமும் உண்டு. 2022 ஜனவரி முதல் வாரம் இரண்டு நாடுகளில் வண்டிகள் பனியில் மாட்டிக்கொண்டன. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஐ-95 நெடுஞ்சாலை முதலாவது. முதலில் மழை பெய்ததால் முன்கூட்டியே உப்பு தூவவில்லை, தூவினாலும் கரைந்தோடியிருக்கும். பிறகு கொட்டியது பனி. நூற்றுக்கணக்கான வண்டிகள் ஒரு நாள் முழுக்க அசையவில்லை. அந்த மாகாணத்தின் செனட்டர் டிம் கெய்னே 27 மணி நேரம் காரில் கிடந்தார். சில நாள் கழித்து, பாகிஸ்தானின் மலைநகரம் மர்ரி. பனி பார்க்கச் சமவெளியிலிருந்து கிளம்பிய கூட்டம், ஆயிரக்கணக்கான கார்கள். ஜனவரி 7 இரவு சாலை அடைபட்டது. விடிந்தபோது காருக்குள்ளேயே குறைந்தது 22 பேர் இறந்திருந்தார்கள், அதில் 10 பேர் குழந்தைகள்.

குளிர் மட்டுமே காரணம் இல்லை என்றார்கள் அதிகாரிகள். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டால், புகைக்குழாயைப் பனி மூடிக்கொள்ளும். நிறமும் வாசனையும் இல்லாத கார்பன் மோனாக்ஸைடு உள்ளே திரும்பும். உள்ளே இருப்பவர்களுக்குத் தூக்கம் வருவதுபோல இருக்கும். பனிநாட்டுக் குழந்தைக்கும் சொல்லிக்கொடுக்கும் சங்கதி இது: எஞ்சினைப் போடுவதற்கு முன் இறங்கிப்போய்ப் புகைக்குழாயைத் தோண்டு, சிறிது நேரம் ஓடவிட்டு அணை, ஒரு பக்கக் கண்ணாடியை விரலளவு இறக்கி வை. டிக்கியில் மண்வெட்டி, கம்பளி, டார்ச். டாங்கில் எப்போதும் பாதிக்குக் குறையாமல் பெட்ரோல். மர்ரிக்குப் போனவர்களுக்கு இதைச் சொல்ல யாரும் இருக்கவில்லை. 2020-இல் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு மணாலிக்கு மேலேயும் டிசம்பர்தோறும் கூட்டம் ஏறுகிறது. 2024 டிசம்பரில் சோலங்குக்கும் சுரங்கத்துக்கும் நடுவே நூற்றுக்கணக்கான வண்டிகள் சிக்கின, காவல்துறை மீட்டது. டெல்லியிலிருந்தோ சென்னையிலிருந்தோ போய் வாடகைக் காரைத் தாமே ஓட்டுபவர்கள் இந்த இரண்டு பத்திகளை மறுபடி படிக்கலாம்.

எஸ்தோனியாவில் சாலையே பனிக்கட்டிதான். கடுங்குளிர் ஆண்டுகளில் பால்டிக் கடல் உறைந்ததும் ரோகுகுலா துறைமுகத்திலிருந்து ஹீயுமா தீவுக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் கடலின் மீதே பாதை திறப்பார்கள். மற்ற ஊரில் கற்ற பழக்கங்கள் இங்கே தலைகீழ். சீட் பெல்ட் போடக் கூடாது. கட்டி உடைந்தால் உடனே வெளியே பாய வேண்டும். வண்டிகளுக்கு இடையே 250 மீட்டர் வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது, இருட்டிவிட்டால் பாதை மூடப்படும். வேகத்துக்கு வைத்த விதிதான் விசித்திரம். ஓடும் கார் பனிக்கட்டிக்கு அடியில் இருக்கும் நீரில் அலையை எழுப்புகிறது. குறிப்பிட்ட ஒரு வேகத்தில் அந்த அலை காரோடு சேர்ந்து ஓடி, வளர்ந்து, கட்டியைப் பிளந்துவிடும். ஆகவே 25 கிலோமீட்டருக்குக் கீழே ஊர்ந்து போகலாம், அல்லது 40-இலிருந்து 70-க்குள் போகலாம். நிதானமாகப் போகிறேன் என்று முப்பதில் ஓட்டுபவர்தான் அந்தக் கடலில் விதியை மீறியவர்.

(தொடரும்)