உள்ளம் நெகிழ்தலும் உருவகப் பெயர்ப்பும்

பிறரது அன்போ துயரோ நம் உள்ளத்தை ஆழமாகப் பாதிக்கும்போது, அதனைச் சொல்ல எம்மொழியும் உருவகத்தின் துணையை நாடுகிறது. சிங்கப்பூரில் நம்மிற் பலர் நன்றியுரையையும் இரங்கல் செய்தியையும் ஆங்கிலத்தில் எண்ணித் தமிழில் எழுதுகிறோம். அவ்வேளையில் உருவகம் பிறழ்ந்தால், சொல்ல வந்த உணர்வே சிதைந்துவிடும். ஆகவே, இத்தகைய ஆங்கிலத் தொடர்கள் சிலவற்றை ஈண்டு நோக்குவோம்.

ஆங்கிலத்தில் பெருவழக்காக உள்ள 'மூவ்டு', 'டச்டு' ஆகிய இரண்டும் செயப்பாட்டுத் தன்மையுடையன. முன்னது அசைக்கப்பட்ட நிலையையும், பின்னது தொடப்பட்ட நிலையையும் குறிக்கும். உணர்ச்சியைச் சுட்டும் 'எமோஷன்' என்னும் சொல்லும், அசைத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையின் வழிவந்ததே. புறத்தேயுள்ள ஒன்று வந்து மனிதனை அசைக்கிறது என்பது இவற்றின் அடிப்படைக் கற்பனையாகும்.

தமிழில் நெகிழ்தல், இளகுதல், உருகுதல், கரைதல் ஆகிய சொற்களே முன்னிற்கின்றன. கெட்டியாக இருந்த ஒன்று தன் இறுக்கம் தளர்ந்து நீராகிறது. உருகும் நெஞ்சை ஆங்கிலமும் அறியும்; எனினும், தமிழில் இதுவே தலைமையான வழக்கு. மேலும், இவை தன்வினைகள். உள்ளமே இங்கு எழுவாய். 'நான் தொடப்பட்டேன்' என்று எழுதினால், யாரோ உடலைத் தொட்டதாகவே பொருள்படும். 'நெஞ்சைத் தொட்டது' என்று இடஞ்சுட்டினால் மட்டுமே உணர்வுப் பொருள் பிறக்கும். 'உங்கள் அன்பு கண்டு உள்ளம் நெகிழ்ந்தேன்' என்பதே இயல்பான தமிழ்.

அடுத்து, 'ஹார்ட்ஸ்டிரிங்ஸ்' என்னும் சொல்லைக் காண்போம். இதயத்தை நரம்புகள் தாங்கி நிற்கின்றன என்னும் பழைய உடலியற் கருத்திலிருந்து இது தோன்றியது. அந்நரம்பைச் சுண்டி இழுப்பதாக ஆங்கிலம் கூறும். நாம் 'இதய நரம்பை இழுத்தது' என்றால் நோய்க்குறிபோல் ஒலிக்கும். 'நெஞ்சை உருக்கியது' என்பதே பொருத்தம்.

'கட் டு தி குவிக்' என்பதில் வேறொரு கவனம் தேவை. இன்று விரைவைக் குறிக்கும் 'குவிக்' என்னும் சொல்லுக்கு 'உயிருள்ளது' என்பதே பழம்பொருள். நகத்தின் அடியிலுள்ள உயிர்ச்சதை வரை வெட்டியது என்பது இத்தொடரின் கருத்து. இது நெகிழ்ச்சியன்று, புண்படுதல். 'மனம் மிக நொந்தது' என்றே பெயர்த்தல் வேண்டும்.

இனி, இரு மொழிகளும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அது உடல். அழுகையை அடக்கும்போது தொண்டைத் தசைகள் இறுகுகின்றன. அதனை ஆங்கிலம் 'லம்ப் இன் தி த்ரோட்' என்கிறது. நாம் 'தொண்டை அடைத்தது' என்கிறோம். அனுபவம் ஒன்றே, ஆயினும், 'தொண்டையில் கட்டி' என்று எழுதினால் படிப்பவர் மருத்துவரைத் தேடுவார். கண் கலங்குதல், நாத் தழுதழுத்தல், மெய்சிலிர்த்தல் என உடற்குறிகளுக்கு நம்மிடம் சொற்கள் நிறையவே உள்ளன. அகவுணர்வு உடலில் வெளிப்படுவதை 'மெய்ப்பாடு' எனப் பெயரிட்டுத் தொல்காப்பியம் தனி இயலிலேயே ஆராய்ந்துள்ளது.

எனவே, ஆங்கிலத் தொடரைத் தமிழாக்கும் முன், அதன் சொற்களை ஒதுக்கிவைத்து, உள்ளத்திலும் உடலிலும் என்ன நிகழ்ந்தது என்று வினவுவோம். விடை பெரும்பாலும் தமிழிலேயே கிடைக்கும். துயருற்ற வீட்டிற்கு நாம் அனுப்பும் இரண்டு வரி, படிப்பவரைத் திகைக்க வைப்பதும் தேற்றுவதும் அவ்வினாவையே பொறுத்துள்ளது.